துப்பாக்கிச் சூட்டுக்குப் பிந்தைய மூன்று நாள்: காவல்துறைச் சாப்ளினுக்கான வரைவு, திருத்தித் தாருங்கள்

#1 ஏழாம்மணி

காவல்துறையில் சாப்ளின் பணி, அதாவது காவலர்களுக்கு ஆன்மிகத் துணையாக நிற்கும் பணி, செய்ய முன்வரும் போதகர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு பக்க நடைமுறை தயாராகிறது. பணியில் சுட நேர்ந்து யாராவது இறந்தாலோ, சக காவலர் பணியில் இறந்தாலோ முதல் மூன்று நாளில் என்ன செய்வது என்பதுதான் பொருள். வரைவு இப்போது இப்படி இருக்கிறது:

1. தகவல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்ளின் போய்ச் சேர்ந்து, சம்பந்தப்பட்ட காவலர்களோடு ஜெபிப்பார்.
2. 24 மணி நேரத்துக்குள் எல்லாரும் கட்டாயமாகக் குழுவாக உட்கார்ந்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.
3. ஒவ்வொருவரின் மனநிலை பற்றியும் சாப்ளின் மேலதிகாரிக்கு எழுத்தில் அறிக்கை தருவார்.
4. அதிகாரிகளைத் தேவ ஊழியக்காரர் என்னும் ரோமர் 13-ஐ வைத்து ஆறுதல் சொல்வார்.
5. தற்கொலை எண்ணம் தெரிந்தால் துப்பாக்கியைச் சாப்ளினே வாங்கி வைத்துக்கொள்வார்.

தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுங்கள்.

#2 சூரைச்செடி

இரண்டிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் கெடுதல் செய்யக்கூடியது அதுதான்.

இந்தக் குழுப்பேச்சு ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் எழுதிய முறையின் தேய்ந்த நகல். அவர் முறைக்கு ஏழு கட்டம் உண்டு: அறிமுகம், நடந்தது, அப்போது தோன்றிய எண்ணம், உணர்ச்சி, உடலில் தெரிந்த அறிகுறி, விளக்கிச் சொல்லுதல், பழைய நிலைக்குத் திரும்புதல். பயிற்சி பெற்ற மனநல நிபுணரும் அதே தொழிலில் உள்ள சகாவும் சேர்ந்து நடத்த வேண்டியது. காலப்போக்கில் எல்லாம் உதிர்ந்து, "சுற்றி உட்கார வைத்துப் பேசச் சொல்" என்பது மட்டும் மிஞ்சிவிட்டது.

ஒரே அமர்வில் முடிகிற இத்தகைய பேச்சு பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய்) வராமல் தடுப்பதில்லை என்பது, பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரன் அமைப்பு 2002-ல் புதுப்பித்த தொகுப்பாய்வின் முடிவு. சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருக்கிறது. 1997-ல் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு 13 மாதம் கழித்து பி.டி.எஸ்.டி. இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். இதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. பேச வைக்கப்பட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே காயம் கடுமையாக இருந்தது. தொகுப்பாய்வில் உள்ள சோதனைகளும் பெரும்பாலும் தனி ஆட்களிடம் நடந்தவை, ஒரே அணியாக வேலை செய்கிறவர்களிடம் அல்ல. ஆனாலும் "கட்டாயம்" என்ற சொல்லுக்கு இதற்கு மேல் எந்த நியாயமும் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில் இவ்வகைப் பேச்சைத் தடுப்புக்காகவோ சிகிச்சையாகவோ தர வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

ஏன் கெடுகிறது? நெஞ்சு படபடப்பு அடங்காதவரைத் திரும்பவும் அந்த நிமிடத்துக்குள் தள்ளுகிறோம். கதவுக்கு வெளியே நின்றவர், உள்ளே பார்த்தவரின் விவரிப்பைக் கேட்டு, தான் பார்க்காத காட்சியையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவர் "எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் தோணல" என்று இன்னொரு பயத்தைச் சேர்த்துக்கொள்கிறார். விசாரணை நிலுவையில் இருக்கும்போது எல்லாரும் ஒரே அறையில் நடந்ததைச் சொன்னால் சாட்சியங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது தனிச் சிக்கல்.

அதற்குப் பதிலாக உலக சுகாதார அமைப்பு 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி முறை இருக்கிறது. பார், கேள், இணை. மூன்றே சொல். அதில் யாரையும் பேச வைப்பது கிடையாது. பேச வந்தால் கேட்பது உண்டு.

#3 ஏழாம்மணி

ஏற்றுக்கொள்கிறேன், இரண்டை எடுத்துவிடலாம். ஆனால் "பார், கேள், இணை" என்று மட்டும் எழுதினால் புதிதாக வருகிற போதகர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். முதல் சில மணி நேரம் கையால் என்ன செய்வது?

#4 நடுச்சாமம்

கையால் செய்கிற வேலைதான் அங்கே நிறைய.

முதலில், நிகழ்விடத்துக்கு நேரே போகக் கூடாது. கயிறு கட்டிய எல்லைக்கு உள்ளே போனால் சாப்ளினும் சாட்சிப் பட்டியலில் வந்துவிடுவார். காவலரை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டு அங்கே போங்கள். பொறுப்பு அதிகாரியிடம் பெயரும் வந்த நேரமும் சொல்லிப் பதிய வையுங்கள். ரத்தம் பட்ட உடை, கை எல்லாம் தடயம். நல்லெண்ணத்தில் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லிவிடாதீர்கள், தடயம் எடுத்து முடித்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாற்று உடை ஒரு செட் தயாராக இருக்கட்டும்.

தண்ணீர். கழிப்பறை. போர்வை, ஏனென்றால் படபடப்பு இறங்கும்போது உடம்பு நடுங்கும். காப்பியை மேலே மேலே ஊற்றிக் கொடுக்காதீர்கள், அன்றிரவுத் தூக்கம் போய்விடும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் செய்தியில் வருவதற்கு முன். "எனக்கு அடிபடல, வர நேரமாகும், மத்ததை நேர்ல பேசலாம்" என்ற அளவு போதும். போனில் நடந்ததை விவரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அவர் துப்பாக்கியைத் தடயமாக எடுத்துப் போவார்கள். அந்த நிமிடம் "என்னைக் குற்றவாளியாக்கிட்டாங்க" என்று தோன்றும். இது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை என்று பொறுப்பு அதிகாரி வாயால் சொல்ல வைப்பது நல்லது. அவரைத் தனியாக ஓர் அறையில் அடைத்து வைக்காமல், இந்த வழக்கில் சம்பந்தப்படாத சகா ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து, புலன் கோளாறு. சுடும்போது சத்தமே கேட்கவில்லை, எல்லாம் மெதுவாக நடந்ததுபோல இருந்தது, துப்பாக்கிக் குழாய் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது, எத்தனை ரவுண்ட் சுட்டேன் என்றே நினைவில்லை. இவை அடிக்கடி வரக்கூடியவை. மூளை கெட்டுவிட்டது என்றும், மறதியைப் பொய் என்று நினைப்பார்கள் என்றும் பயப்படுவார். "இந்த மாதிரி நேரத்துல நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே வாக்கியம் பத்து வசனத்தைவிட உதவும்.

சொல்லக் கூடாதவை: "எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." "நீங்க ஹீரோ." "தேவ சித்தம்." "அவன் செத்தது நல்லதுக்குத்தான்." சொல்லலாம்: "நான் இங்கதான் இருக்கேன். பேசணும்னு இல்ல."

வீட்டுக்கு அவரே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2000-ல் வந்த ஆய்வு காட்டியது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் சம்பவம் நடந்து, விசாரணையும் முடிவதற்குள் அந்தக் கணக்கு சாதாரணமாகத் தாண்டிவிடும். தூங்குவதற்காகக் குடிக்க வேண்டாம் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மறு தொடர்பு: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம், பிறகு விசாரணை முடிவு வரும் நாள், ஓராண்டு நிறைவு. எல்லாரும் முதல் வாரம் வருவார்கள், ஐந்தாம் வாரம் ஒருவரும் வர மாட்டார்கள். உறக்கமின்மை, திடுக்கிடல், கனவு எல்லாம் முதல் வாரங்களில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் நின்றால் அது பி.டி.எஸ்.டி.யா என்று பார்க்க மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நேரம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணை அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை இரண்டும் பலன் தருபவை. அவற்றைச் சாப்ளின் செய்யப் போவதில்லை. யார் செய்கிறார்கள், எத்தனை நாளில் இடம் கிடைக்கும் என்று முன்னாடியே தெரிந்து வைத்திருப்பதுதான் "இணை".

#5 சூரைச்செடி

மேலே சொன்னது மனநலக் கையேட்டில் மட்டும் இருப்பதல்ல. 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். திரும்பத் தூங்க விடுகிறான். மறுபடியும் சாப்பாடு. அதன்பின் நாற்பது நாள் நடை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே அப்புறம்தான் வருகிறது. சற்று முன் கர்மேல் மலையில் பெற்ற வெற்றியை ஏன் மறந்தாய் என்று யாரும் அவரைத் திட்டவில்லை.

#6 சட்டப்புள்ளி

மூன்றாம் அம்சத்தை முழுவதும் நீக்குங்கள். மேலதிகாரிக்கு அறிக்கை போகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்த நிலையத்தில் சாப்ளினுக்கு வேலை முடிந்தது. பணிக்குத் தகுதியா என்று மதிப்பிடுவது துறை நியமிக்கும் உளவியலாளர் வேலை. இரண்டையும் ஒருவர் செய்யக் கூடாது.

அதே சமயம் "என்ன சொன்னாலும் வெளியே போகாது" என்ற வாக்குறுதியும் தரக் கூடாது. இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்வது, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் சாதாரண உரையாடலும் ஒன்று என்று. கத்தோலிக்கக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் 983-ன்படி பாவசங்கீர்த்தன முத்திரை உடைக்க முடியாதது. ஆனால் அது அருள்சாதனத்துக்கு உள்ளே சொன்னதற்கு. டீக்கடையில் சொன்னதற்கு அல்ல. மற்றச் சபைப் போதகர்கள், பயிற்சி பெற்ற விசுவாசிகள் என்று வரும்போது நீதிமன்றம் எந்த அளவு பாதுகாப்பு தரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடத்தில் அடியோடு இல்லை. பணி தொடங்கும் முன் அந்தந்த இடத்துச் சட்டத்தை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடைமுறையில் மூன்று விஷயம்.

பேச்சு தொடங்கும் முன்பே விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, குழந்தை துன்புறுத்தப்படுதுன்னாலோ நான் சும்மா இருக்க முடியாது." பாதியில் சொன்னால் ஏமாற்றியதுபோல ஆகும்.

விசாரணை நிலுவையில் உள்ள சம்பவத்தின் விவரத்தைக் கேட்கவே வேண்டாம். "என்ன நடந்ததுன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம், அது உங்க வக்கீலுக்கு. உங்களுக்கு எப்படி இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க." இதைக் கேட்டதும் பலருக்கு மூச்சு விட முடியும்.

குறிப்பேட்டில் தேதி, இடம், எவ்வளவு நேரம், எங்கே அனுப்பினோம் என்பது மட்டும். பேசியது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் "சகோதரர் இன்னாருக்காக ஜெபியுங்கள்" என்று போடுவதும் வெளியிடுவதுதான். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கசிந்த ரகசியம் எத்தனையோ.

#7 பூட்டுச்சாவி

ஐந்தாவது. சாப்ளின் ஆயுதத்தைத் தொடவே கூடாது. பயிற்சியில்லாத கை, அறையில் ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் மனிதர், அரசுச் சொத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. மூன்றும் சேர்ந்தால் விபரீதம்.

முதலில் கேள்வி. நேராகக் கேட்க வேண்டும்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் எண்ணம் முளைக்காது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே வாயில் ஊட்டுகிறோம். தற்கொலை அபாயத்தை அறிய உதவும் கொலம்பியா வினாநிரலின் சுருக்க வடிவில் ஆறே கேள்வி: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா, உயிரை விட எண்ணமா, எப்படி என்று யோசித்தாரா, செய்யும் நோக்கம் உண்டா, திட்டம் வகுத்தாரா, ஏதாவது செய்தோ தயார் ஆகியோ இருக்கிறாரா. இரண்டாவதற்கு "இல்லை" என்றால் நேரே ஆறாவதுக்குப் போகலாம். நான்கு அல்லது ஐந்துக்கு "ஆம்" என்றாலும், கடந்த மூன்று மாதத்துக்குள் ஏதாவது செய்திருந்தாலும் அவரைத் தனியே விடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும், போன் நம்பர் கொடுத்து அனுப்புவது போதாது.

ஆயுதத்துக்கு வருவோம். தற்கொலை வேகம் பல நேரம் மணிக்கணக்கில் ஏறி இறங்கும். கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் இறங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆகவே தூரமும் நேரமும்தான் மருந்து. அதற்கு அவர் சம்மதம் வேண்டும். "துப்பாக்கியைக் குடுங்க" என்றால் தொழிலையே பிடுங்குவதாகக் கேட்கும். "இந்த வாரம் மட்டும் ஆயுத அறையில் இருக்கட்டுமா? யார் கொண்டு போனா உங்களுக்குச் சரி?" என்று கேட்டால் முடிவு அவர் கையில் இருக்கும். அவர் நம்பும் சகா ஒருவர் எடுத்துப் போய் முறைப்படி ஒப்படைப்பார். வீட்டில் சொந்தத் துப்பாக்கி உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பலர் இதை மறந்துவிடுவார்கள். அதை வீட்டுக்கு வெளியே வைக்க முடியாவிட்டால் பூட்டில் வைத்து, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்க வேண்டும். மாத்திரை டப்பாவையும் கணக்கில் சேருங்கள்.

கையில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் அது சாப்ளின் வேலையே அல்ல. கிட்டே போகாதீர்கள், மறைவுக்குப் பின்னால் போய் உடனே தகவல் கொடுங்கள். பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி பெற்றவர் கூப்பிட்டால் மட்டும் பேசுங்கள்.

அபாயம் தணிந்தபின் ஸ்டான்லி-பிரவுன் பாதுகாப்புத் திட்டத்தை அவர் கையெழுத்தில் எழுத வையுங்கள். ஆறு படி: தன் எச்சரிக்கை அறிகுறி, தனியாகச் செய்யக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் உதவி எண்கள், சுற்றுப்புறத்தைப் பத்திரமாக்குதல். "தற்கொலை செய்ய மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் பழைய ஒப்பந்தம் வேண்டாம். அதனால் நிம்மதி அடைவது வாங்குகிறவர் மட்டும்தான்.

#8 கூர்மதி

எல்லாம் சரி பாஸ்டர்களே, இதில் கிறிஸ்தவம் எங்கே? தண்ணீரும் போர்வையும் ஆறு கேள்வியும் போதும் என்றால் எந்த சமூக சேவகரும் செய்வாரே. ஜெபமில்லாத சாப்ளின் எதற்கு?

#9 சூரைச்செடி

நியாயமான கேள்வி. சாப்ளினிடம் மட்டும் கேட்கப்படும் சில கேள்விகள் உண்டு. "கொலை செய்யாதிருப்பாயாக என்று இருக்கே, நான் யாரு இப்ப?" உளவியலாளரிடம் பலர் இதைக் கேட்பதில்லை.

வரைவு அங்கேதான் ரோமர் 13-ஐ நீட்டுகிறது. அதிகாரி தேவ ஊழியக்காரன், பட்டயம் சும்மா இல்லை என்று. அந்த வசனம் அதிகாரத்தின் நியாயத்தைப் பேசுகிறது. எதிரில் இருப்பவர் கேட்பது அதுவல்ல. சட்டப்படி சரி என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

இதை "அறநெறிக் காயம்" என்கிறார்கள். வியட்நாம் போர் வீரர்களிடம் ஜொனதன் ஷே 1990-களில் கண்டது, பிரெட் லிட்ஸ் குழு 2009-ல் விரித்து எழுதியது. பி.டி.எஸ்.டி.யின் வேர் பயம் என்றால் இதன் வேர் குற்றஉணர்வும் வெட்கமும். ஆனால் குற்றஉணர்வு எல்லாம் ஒரே ரகமில்லை, சாப்ளின் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கொல்ல நேர்ந்தது சரியே, ஆனாலும் ஓர் உயிர் போனது: இவருக்கு மன்னிப்பு அறிவிக்க அவசரப்படாதீர்கள், "அப்போ நான் செஞ்சது பாவம்தான்" என்று பொருள்படும். இவருக்கு வேண்டியது புலம்ப இடம். குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனவர்: செய்ய முடியாததைச் செய்யாததற்குத் தன்னைத் தண்டிக்கிறார். மன்னிப்பு அல்ல, பொறுப்பின் அளவை மெதுவாகத் திருத்துவது வேண்டும். மேலதிகாரி கைவிட்டார் என்பவர்: அது கோபம், அதைப் பாவமாக்காதீர்கள்.

கடைசி ரகம் உண்மையாகவே தவறு செய்தவர். பிடித்து வைத்தவரை அடித்தார், பொய் வாக்குமூலம் எழுதினார். இங்கே ஆறுதல் மட்டும் சொல்லும் சாப்ளின் உடந்தையாகிறார். போர்ச்சேவகர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை, தட்டியும் கொடுக்கவில்லை. யாரையும் துன்புறுத்தாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு என்றார், லூக்கா 3:14. பாவமன்னிப்பு வழக்கை மூடாது. அடிபட்டவர் இன்னும் வெளியே இருக்கிறார். அறிக்கையிட்டவரை வழக்கறிஞரோடு உண்மையைச் சொல்லும் வழிக்கு நடத்துவதும் ஆன்மப் பராமரிப்புதான்.

ஜெபம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கண் திறந்தபடி, முப்பது வினாடி. தோளில் கை வைக்கும் முன்பும் கேளுங்கள், பின்னாலிருந்து தொடவே தொடாதீர்கள். சீருடையில் நிற்கிறவர்களிடம் குழுவாக ஜெபம் அறிவித்தால் விருப்பமில்லாதவர் வெளியே போக முடியாது. அது வற்புறுத்தல். வேறு மதத்தவர், மதமே இல்லாதவர் கேட்டால் அவர்களுடைய ஆட்களை அழைத்துக் கொடுப்பதும் சாப்ளின் வேலை. வேதம் வாசிக்கச் சொன்னால் புலம்பல் சங்கீதங்களான 13 அல்லது 88. 88 இருளில்தான் முடிகிறது. அன்றிரவுக்கு 91 வேண்டாம். பொல்லாப்பு நேரிடாது என்ற வாக்கைச் சகா இறந்த அன்று வாசித்தால், அவருக்கு மட்டும் ஏன் நேரிட்டது என்ற கேள்வியோடு விட்டுப்போகிறோம்.

#10 கூர்மதி

91 பற்றிச் சொன்னது உறைக்கிறது. ஆனால் முப்பது வினாடிக் கணக்கில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கேட்கிறவர் அரை மணி நேரம் கேட்டால்?

#11 சூரைச்செடி

கேட்டால் அரை மணி நேரம். கேட்காதவருக்குத்தான் அளவு.

#12 வெள்ளைத்துணி

தற்கொலையால் காவலர் இறந்தால் அடக்கத்தில் என்ன பேசுவது என்பதும் வரைவில் இல்லை. இரண்டே குறிப்பு. ஒன்று, முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள், "இப்போது நிம்மதியாக இருக்கிறார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அதே எண்ணத்தில் இருப்பவர் ஒருவர் இருக்கலாம். உதவி எங்கே என்று அதே உரையில் சொல்லுங்கள். இரண்டு, நரகம் என்ற பேச்சு. கத்தோலிக்கர்களுக்கு மறைக்கல்வி நூலின் 2282, 2283 பத்திகள் தெளிவு: கடும் மனக்கலக்கமும் பயமும் பொறுப்பைக் குறைக்கலாம், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது. 1917 திருச்சபைச் சட்டத்தில் இருந்த அடக்க மறுப்பு 1983 சட்டத்தில் இல்லை. இன்னும் பழையதையே சொல்லும் மூப்பர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், கல்லறை வாசலில் வாதாட முடியாது.

#13 நடுச்சாமம்

சாப்ளினுக்கும் ஒரு வரி சேருங்கள். ஒரே ஆளை எல்லா அழைப்புக்கும் அனுப்பாதீர்கள், குறைந்தது இருவர் முறை வைத்து. பெரிய சம்பவத்துக்குப் பின் அந்த ஞாயிறு பிரசங்கம் வேறு யாராவது செய்யட்டும். பிறர் துயரைச் சுமப்பதால் வரும் இரக்கச் சோர்வை அளக்க 30 கேள்வி கொண்ட ப்ரோக்வல் படிவம் இருக்கிறது, சில மாதத்துக்கு ஒருமுறை நிரப்பி மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று. நெருக்கடியில் முதன்முறையாக வந்து நிற்கும் சாப்ளினை யாரும் நம்ப மாட்டார்கள். சாதாரண நாளில் ரோல் கால் நேரத்தில், இரவு ஷிப்டில், பேச்சில்லாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனவர்தான் அன்று உள்ளே விடப்படுவார்.

#14 ஏழாம்மணி

திருத்திய வரைவு:

1. மாதம் இருமுறையாவது சாதாரண நாளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் போவார். ஒரு முறை இரவில்.
2. சம்பவத்தன்று எல்லைக்கு வெளியே, காவலர் இருக்கும் இடத்துக்குப் போவார். தண்ணீர், உடை, வீட்டுக்குப் போன், துணைக்கு ஒரு சகா, ஓட்டுநர். கேட்டால் ஜெபம்.
3. சம்பவ விவரம் கேட்க மாட்டார். ரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்வார். அறிக்கை எழுத மாட்டார்.
4. தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்பார். ஆயுதத்தைத் தொட மாட்டார்.
5. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம், விசாரணை முடிவு, ஓராண்டு: தொடர்பு கொள்வார்.

சம்பவ இடத்தில் இருந்த காவலர், உடன் வந்தவர், காயம்பட்டவரைத் தூக்கியவர், ஓட்டுநர், அவர்கள் குடும்பத்தார் என்று தொடர்புப் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

#15 பூட்டுச்சாவி

பட்டியலில் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுத்தவரைக் காணோம். அவர் எல்லாவற்றையும் காதால் கேட்டார், முடிவு என்ன ஆனது என்று அவருக்குப் பல நேரம் யாரும் சொல்வதுகூட இல்லை. சத்தம் நின்றதும் அடுத்த அழைப்பு வந்திருக்கும்.

#16 ஏழாம்மணி

சேர்த்துவிட்டேன். மேலே இரண்டாவது இடத்தில்.